துக்க வீடும் பதிவேடும்

இந்தியாவில் ஒருவரின் இறப்பு அரசின் ஏட்டில் ஏறுவது 'படிவம் 2' என்ற தாளின் வழியாக. அந்தத் தாள் இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு பாதி சட்டத்துக்கு உரியது. இறந்தவரின் பெயர், இறந்த நாள், பாலினம், வயது, பெற்றோர் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயர், முகவரி, இறந்த இடம், தகவல் தருபவரின் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். மறுபாதி புள்ளிவிவரத்துக்கு உரியது. மதம், தொழில், கடைசி நாட்களில் கிடைத்த மருத்துவம், இறப்பின் காரணம் ஆகியவற்றை அது கேட்கும். பதிவு முடிந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். சட்டப் பாதி பதிவாளரிடமே தங்கிப் பதிவேடாகிறது. புள்ளிவிவரப் பாதி மேலே போய் எண்ணிக்கைக்குள் கரைந்துவிடுகிறது. இன்று தாளுக்குப் பதில் கணினித் திரை வந்துவிட்டாலும் இந்தப் பிரிவினை மாறவில்லை.

ஒரு பாதி குடும்பத்தின் சான்றுக்காக, மறுபாதி நாட்டின் கணக்குக்காக. வங்கிக் கணக்கை முடிக்கவும், பட்டா மாற்றவும், காப்பீட்டுப் பணம் பெறவும் குடும்பத்துக்குச் சான்று வேண்டும். எந்த ஊரில் எந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரிந்தால்தான் அரசால் மருத்துவமனை கட்டவும் தடுப்பூசி அனுப்பவும் முடியும். இரண்டும் நியாயமான தேவைகள்தான். ஆனால் இரண்டையும் ஒரே ஆளிடம், அவர் வாழ்க்கையின் மிக மோசமான வாரத்தில், ஒரே நேரத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. என்ன கேட்பது, யாருக்குக் காட்டுவது, எத்தனை நாள் பொறுப்பது, பிழையை எப்படித் திருத்துவது, எந்தச் சொல்லால் எழுதுவது என்ற ஐந்து கேள்விகளுக்கு விதிகள் தரும் விடையில்தான் துக்க வீட்டின் மீது அரசுக்கு உள்ள பரிவு தெரிகிறது. விதியில் இல்லாத பரிவு, அன்றைக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் குணத்தைப் பொறுத்ததாகிவிடும்.

கணக்கில் தொடங்கிய ஏடு

இறப்பை எழுதிவைக்கும் வழக்கம் இங்கே குடும்பத்துக்காகத் தொடங்கவில்லை. வெள்ளையர் ஆட்சியில் அது சுகாதாரத் துறையின் வேலை. 1886இல் இந்தியா முழுமைக்கும் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. விரும்பியவர்கள் பதிந்துகொள்ளலாம் என்பதே அதன் இயல்பு. சென்னை மாகாணம் 1899இல் தனக்கென ஒரு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. கிராமத்தில் மணியக்காரர் ஏட்டை வைத்திருந்தார். காலரா, அம்மை, காய்ச்சல், பேதி, காயம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில தலைப்புகளுக்குள் ஊரின் சாவெல்லாம் அடங்கின. எந்தத் தாலுகாவில் காலரா பரவுகிறது என்று அறிய அது போதுமானதாக இருந்தது. இறந்தவரின் வீட்டுக்கு அந்த ஏட்டால் பெரிய பயன் இல்லை. நிலமும் உரிமையும் ஊரார் வாய்ச்சாட்சியில் கைமாறின.

விடுதலைக்குப் பின் நாடு முழுவதற்கும் பொதுவாக வந்தது 1969ஆம் ஆண்டின் பிறப்பு மற்றும் இறப்புப் பதிவுச் சட்டம். 1970 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான மாநிலங்களில் அது நடைமுறைக்கு வந்தது. பதிவு கட்டாயமானது. யார் தகவல் தர வேண்டும் என்பதையும் அது வரிசைப்படுத்தியது. வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவர், மருத்துவமனையில் இறந்தால் அதன் பொறுப்பு மருத்துவர், சிறையில் இறந்தால் சிறை அதிகாரி, ஓடும் வண்டியில் இறந்தால் வண்டியின் பொறுப்பாளர். பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் உடலுக்குக் கூட, கிராமத்தில் ஊர் அதிகாரியும் மற்ற இடங்களில் காவல் நிலையப் பொறுப்பாளரும் தகவல் தரக் கடமைப்பட்டவர்கள். பதிவில்லாமல் யாரும் போய்விடக் கூடாது என்ற எண்ணம் இந்தப் பட்டியலில் தெரிகிறது. மருத்துவமனை மரணத்தில் பதிவின் சுமை குடும்பத்தின் தலையில் விழவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்துக்கான இன்றைய விதிகள் 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரே மாநிலத்தின் தலைமைப் பதிவாளர். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரும் நகரங்களில் சுகாதார ஆய்வாளர் போன்ற உள்ளாட்சி அலுவலர்களும் பதிவாளர்களாக இருக்கிறார்கள்.

எத்தனை ஆண்டு குடித்தார்?

புள்ளிவிவரப் பாதியின் கடைசிக் கேள்விகளைப் பெரும்பாலோர் முதன்முறையாகப் பார்ப்பது தம் வீட்டில் ஒரு சாவு விழும்போதுதான். இறந்தவர் புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவரா, எத்தனை ஆண்டுகளாக? புகையிலை மென்றாரா, எத்தனை ஆண்டுகளாக? பாக்கு அல்லது பான் மசாலா? மது, எத்தனை ஆண்டுகளாக?

கேள்விகள் காரணமில்லாமல் வந்தவை அல்ல. வாய்ப்புற்றுநோயும் கல்லீரல் நோயும் எங்கே மிகுதி, எந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வருகின்றன என்பதை அறிய அவை உதவும். ஆனால் அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் நேற்று கணவனை எரித்துவிட்டு வந்த மனைவியாகவோ, அப்பாவுக்குக் கொள்ளி வைத்த மகனாகவோ இருப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழும்படி, "எத்தனை வருசமா குடிச்சாரு?" என்று கேட்டால், அது கணக்கெடுப்பாகக் காதில் விழாது. சாவுக்குக் காரணம் செத்தவரே என்ற தீர்ப்பாகத்தான் விழும்.

கேள்வியை நீக்கினால் கணக்கு போய்விடும். நீக்காமலே புண்படுத்தாமல் கேட்க வழிகள் உண்டு. தகவல் தருபவரே நிரப்பும்படி தாளை அவர் கையில் கொடுத்துவிடலாம். இந்தப் பகுதி சான்றிதழில் வராது, எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படும் என்று முதலிலேயே ஒரு வரி சொல்லலாம். 'தெரியாது' என்ற விடையை மறுபேச்சின்றி ஏற்கலாம். படிவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டதன் பொருளே இதுதான். அந்தப் பொருள் கேட்பவரின் வாயிலிருந்து குடும்பத்தை எட்டுவதில்தான் தடை இருக்கிறது.

சான்றிதழில் இல்லாத வரி

1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு பலர் அறியாத ஒரு பாதுகாப்பைத் தருகிறது. இறப்புப் பதிவேட்டில் தேடவும் நகல் பெறவும் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவேட்டில் உள்ள இறப்பின் காரணத்தை, யாருக்கு வழங்கும் நகலிலும் வெளியிடக் கூடாது. அதனால்தான் இந்திய இறப்புச் சான்றிதழில் நாள், இடம், பெயர்கள், பதிவு எண் எல்லாம் இருக்கும், காரணம் இருக்காது. வங்கி எழுத்தரும் மின்வாரியக் கணக்கரும் இவர் எதனால் இறந்தார் என்று அறியத் தேவையில்லை. சட்டமும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இதன் அருமை இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் தெரியும். அங்கே வழக்கமாக வழங்கப்படும் சான்றிதழிலேயே காரணமும் அச்சாகியிருக்கும். மகன் தூக்கிட்டு இறந்தான் என்ற செய்தியை, அவனுடைய கைப்பேசி இணைப்பைத் துண்டிக்கப்போன இடத்தில்கூடத் தாய் நீட்ட வேண்டி வரலாம். ஸ்காட்லாந்தில் காரணம் இல்லாத சுருக்கச் சான்று தனியே உண்டு.

இந்தியாவில் காரணம் வாழ்வது வேறொரு தாளில். மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4, வீட்டு இறப்புக்குப் படிவம் 4ஏ என்ற மருத்துவக் காரணச் சான்று அது. உலக சுகாதார நிறுவனத்தின் வடிவத்தை ஒட்டி அமைந்த அந்தத் தாளில், கடைசியாக உயிரைப் பறித்தது எது, அதற்கு இட்டுச்சென்றது எது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த நோய் எது என்று மருத்துவர் படிப்படியாகக் கீழிறங்கி எழுத வேண்டும். 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதுவது விடையாகாது. எல்லாச் சாவிலும் இதயம் நின்றுதான் போகிறது. 2020இல் நாட்டில் பதிவான இறப்புகளில் இப்படி மருத்துவர் காரணம் சான்றளித்தவை நூற்றுக்கு 22 அளவுதான். மற்ற வீடுகளில் காரணம் என்பது குடும்பத்தார் சொன்னதே.

2023இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் திருத்தம் நடப்புக்கு வந்தது. அதன்படி, நோயாளி இறந்த மருத்துவமனை எதுவானாலும், அரசுடையதோ தனியாருடையதோ, காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். குடும்பத்தைப் பொறுத்தவரை இது பெரிய உரிமை. "என்ன ஆச்சுன்னே எங்களுக்குச் சொல்லல" என்று ஆண்டுக்கணக்கில் புலம்பும் வீடுகள் எத்தனையோ. இப்போது மருத்துவர் கைப்பட எழுதிய விடை அவர்கள் கையிலேயே இருக்கும்.

இந்த உரிமைக்குள்ளேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. 'நெருங்கிய உறவினர்' யார்? இறந்தவருக்கு எச்.ஐ.வி. இருந்து அதை அவர் உடன்பிறந்தவரிடம் மறைத்திருந்தால், தாள் யார் கையில் போகிறது என்பது அவருடைய மனைவி மக்களின் வாழ்வையே பாதிக்கும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. உயிரோடு இருந்தபோது காக்கப்பட்ட அந்த மறைவு, இறந்த மறுநாள் ஒரு நகல் தாளால் குலையக் கூடாது. மடித்து உறையிலிட்டு, மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் என்ற வரிசை பார்த்து, தனியே அழைத்துக் கொடுப்பது செலவில்லாத காரியம். பிணவறை வாசலில் உறவுக் கூட்டத்துக்கு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதும் அதே தாளைத்தான்.

இருபத்தொரு நாள்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுத் துக்க வீட்டின் நாட்காட்டியில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவினர் ஊர் திரும்பி, ஐந்தே நாளில் கெடு முடிகிறது. கருமாதி முடியும்வரை எந்த அலுவலுக்கும் போகாத குடும்பங்கள் உண்டு. வீட்டில் நேர்ந்த சாவு என்றால், மருத்துவரின் சான்று, மயான ரசீது, அடையாள அட்டை எல்லாம் தேடி எடுக்க அந்த ஐந்து நாள்தான் கையில் இருக்கும்.

கெடு தாண்டினால் கதவு மூடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் படி உயர்கிறது. முப்பது நாள்வரை தாமதக் கட்டணம். முப்பது நாள் முதல் ஓராண்டுவரை மேல் அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி. ஓராண்டுக்குப் பிறகு, முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. தாத்தாவின் சாவைப் பதிய பேரன் நீதிமன்றப் படியேறினான். 2023 திருத்தம் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களுக்கு மாற்றியது. முப்பது நாளுக்குப் பிந்தைய பதிவில் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் என்ற சடங்கும் தளர்ந்து, தன் கையொப்பமிட்ட ஆவணம் போதும் என்றானது. பதிவான ஏழு நாளுக்குள் சான்றிதழை மின்வடிவிலோ தாளிலோ தர வேண்டும் என்ற கெடு இப்போது அலுவலகத்துக்கும் உண்டு. பதிவாளரின் செயலால் பாதிக்கப்பட்டவர் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யும் வழியும் புதிதாகத் திறந்திருக்கிறது.

ஓர் எழுத்துக்கு ஓராயிரம் நடை

தமிழரின் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, இறப்புப் பதிவில் தரும் தொல்லைக்கு அளவில்லை. எடுத்துக்காட்டாக, குடும்ப அட்டையில் 'பெ. கருப்பையா' என்று இருப்பவர் ஆதாரில் 'கருப்பையா பெரியசாமி' ஆகிறார். நிலப் பத்திரத்தில் 'பெரியசாமி மகன் கருப்பன்'. மருத்துவமனைச் சீட்டில், அவசரத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, 'கருப்பசாமி'. சான்றிதழ் மருத்துவமனைச் சீட்டைப் பின்பற்றும். பிறகு வங்கி ஆதாரைக் கேட்கும், வட்டாட்சியர் அலுவலகம் குடும்ப அட்டையைக் கேட்கும், சார்பதிவாளர் பத்திரத்தைக் கேட்பார். நால்வரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் வேலை மனைவியின் தலையில் விழும்.

சட்டத்தின் 15ஆம் பிரிவு, பிழையான பதிவைத் திருத்தவும் நீக்கவும் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் பழைய பதிவை அழிப்பதில்லை. ஓரத்தில் திருத்தம் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிடுவதே முறை. மோசடியைத் தடுக்க அது தேவை. ஆயினும் திருத்தம் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யாத பிழைக்காக அலைபவர்கள். பிழை நுழையும் இடம் ஒன்றுதான்: தகவல் முதன்முதலாக எழுதப்படும் நிமிடம். பதிவை முடிக்கும் முன் எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினால், அல்லது அச்சிட்ட வரைவைக் குடும்பத்தாரிடம் கொடுத்து, "பேரு சரியா இருக்கா பாருங்கம்மா" என்று கேட்டால், ஓராண்டு அலைச்சல் அந்த ஒரு நிமிடத்தில் தீரும்.

சான்றிதழ் கைக்கு வந்தபின் தொடங்குவது வேறொரு பயணம். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர், ஓய்வூதியத்துக்குக் கருவூலம், குடும்ப அட்டையில் பெயர் நீக்க வழங்கல் அலுவலர், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 7, பிறகு வங்கி, காப்பீடு, எரிவாயு இணைப்பு, மின் இணைப்பு. ஒவ்வோர் இடத்திலும் "யாரு இறந்தது? எப்ப?" என்ற அதே இரண்டு கேள்விகள்.

கொரோனாவில் காரணமே வழக்கானது

சான்றில் எழுதாத காரணம் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்ற நிலை 2021இல் தலைகீழானது. கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு உத்தரவிட்டது. பின்னர் அது ரூ.50,000 என்று முடிவானது. பணம் பெற, கொரோனாவால்தான் இறந்தார் என்று காட்ட வேண்டும். ஆனால் பல வீடுகளின் மருத்துவச் சான்றில் நிமோனியா, மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றெல்லாம் இருந்தது. அன்றாட அறிக்கைகளில் அடிபட்ட 'இணைநோய்' என்ற சொல் அந்த ஆண்டில் தமிழ் வீடுகளின் பேச்சுக்குள்ளும் நுழைந்தது. மூடிய பைக்குள் சுற்றி, முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்த உடலுக்குச் சொந்தக்காரர்களிடம், அவர் கொரோனாவால் இறக்கவில்லை என்று தாள் சொன்னது.

2021 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், தொற்று உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பை, மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்தாலும், கொரோனா இறப்பாகக் கொள்ளலாம் என்றது. சான்றில் உடன்பாடில்லாத குடும்பம் முறையிட மாவட்டந்தோறும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த மாநிலமும் உதவியை மறுக்கக் கூடாது என்றது. காரணத்தைக் கேள்வி கேட்கும் உரிமை இறந்தவரின் குடும்பத்துக்கு உண்டு, அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு பெருந்தொற்றுக் காலத்தின் நல்ல மிச்சம்.

உடல் கிடைக்காத சாவு

பதிவுச் சட்டம் ஓர் உடலையும் ஒரு நாளையும் எதிர்பார்க்கிறது. இரண்டும் இல்லாத குடும்பத்துக்கு அதனிடம் விடை இல்லை. உயிரோடிருந்தால் யாருக்குச் செய்தி வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாகச் செய்தியே வராதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. இன்றைய பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 111ஆம் பிரிவு. ஏழாண்டுகள் அந்த வீட்டின் மனைவி சட்டப்படி கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியாக வாழ்பவளும் அல்லள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கடல் திருப்பித் தராத உடல்களும் இருந்தன. அப்போது ஏழாண்டுக் கணக்கைத் தளர்த்தி, விசாரணை நடத்தி விரைவில் சான்றிதழ் வழங்கச் சிறப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. 2013இல் உத்தராகண்ட் வெள்ளத்தில் காணாமற்போனவர்களுக்கும் அப்படியே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களின் குடும்பங்களும் இதே வாசலில்தான் நின்றன. மத்திய அரசு ஊழியர் காணாமற்போனால், காவல் நிலையத்தில் புகார் பதிவாகி ஆறு மாதம் கழிந்தபின் குடும்ப ஓய்வூதியம் தர விதி இருக்கிறது. இறந்துவிட்டார் என்று குடும்பத்தைச் சொல்லவைக்காமலே சோறு போட முடியும் என்பதற்கு அந்த விதியே சான்று.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் இலங்கையின் வடக்கும் கிழக்கும். அங்கே இறப்புச் சான்றிதழ் என்று சொல்வதில்லை, மரணச் சான்றிதழ். போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. உள்நாட்டுக் கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றின் விளைவாகக் காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் செய்தி இல்லாதவரின் மரணத்தைப் பதியலாம் என்றது அது. பாதை எளிதானது, ஆனால் மரணத்தின் பாதை மட்டுமே எளிதானது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டுபோய்ப் படையினரிடம் ஒப்படைத்த தாயிடம், மரணச் சான்றிதழை வாங்கிக்கொள் என்றால், அவன் செத்தான் என்று அவள் கையெழுத்திட வேண்டும். எங்கே, எப்படி, யாரால் என்ற கேள்வி அதோடு முடிந்துபோகும். பலர் மறுத்தார்கள், மறுத்ததால் உதவித்தொகையும் சொத்துரிமையும் தடைபட்டன.

2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்கு மாற்றாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்று உருவானது. இறந்தார் என்று சொல்லாமலே அதைக் கொண்டு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தைப் பராமரிக்கலாம், பிள்ளைகளுக்காக நிற்கலாம். அர்ஜென்டினா 1994இலேயே இதே வகைச் சட்டம் இயற்றியிருந்தது. இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களை இறந்தவர்களாகப் பதியாமல், 'வலிந்து காணாமலாக்கப்பட்டதால் இங்கில்லாதவர்' என்ற தனி நிலையை அது வகுத்தது. அங்கும் தாய்மார் மரணச் சான்றை ஏற்க மறுத்ததே அதன் பின்னணி.

இலங்கைத் தாய்மாருக்குச் சான்றிதழின் பெயரிலும் வழக்கு உண்டு. 'காணாமற்போனோர்' என்றால் தாமே எங்கோ தொலைந்தவர்கள் என்றாகிறது. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதே அவர்கள் சொல். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய தொடர் போராட்டம் முன்வைத்ததும் அந்தச் சொல்லைத்தான். வினையைச் செய்தவன் ஒருவன் உண்டா இல்லையா என்பதை ஒரு துணைவினை தீர்த்துவிடுகிறது.

பெயருக்கு இடமில்லாத படிவம்

இறந்தே பிறக்கும் குழந்தைக்கு இந்தியாவில் தனிப் படிவம் உண்டு. அது படிவம் 3. கருவுற்று 28 வாரம் கடந்து உயிரின்றிப் பிறந்தால் அதில் பதிய வேண்டும். ஒரு மூச்சு விட்டுப் போன குழந்தை என்றால் பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று என இரண்டு பதிவுகள். பிறந்த நாள், பாலினம், பெற்றோர் பெயர், இடம் ஆகியவற்றைப் படிவம் 3 கேட்கிறது. குழந்தைக்கு வைக்க நினைத்த பெயரைக் கேட்பதில்லை. வளைகாப்பு நடந்து, தொட்டில் வாங்கி, பெயரும் பார்த்து வைத்த வீட்டுக்கு அரசின் ஏட்டில் கிடைப்பது ஓர் எண்ணிக்கை.

இங்கிலாந்தும் வேல்சும் 1927 முதல் இத்தகைய பிறப்புகளைப் பதிகின்றன. 1992 முதல் அங்கே 24 வாரமே எல்லை. அந்த வார எல்லைக்கு முன் கலைந்த கரு எந்த ஏட்டிலும் ஏறாமல் இருந்தது. 2024 பெப்ரவரியில் இங்கிலாந்து அரசு அத்தகைய பெற்றோர் விரும்பினால் பெறக்கூடிய ஒரு சான்றிதழை அறிமுகப்படுத்தியது. அதற்குச் சட்ட மதிப்பு ஒன்றும் இல்லை. பணம் பெறவோ உரிமை கோரவோ உதவாது. இழப்பை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது என்பதே அதன் ஒரே பயன்.

பிரேதம், சடலம், உடல்

தமிழில் சாவுக்குச் சொற்கள் ஏராளம். வீடுகள் காலமானார், இயற்கை எய்தினார், சிவலோகப் பதவி அடைந்தார், மௌத்தானார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அவரவர் நம்பிக்கைக்கேற்பச் சுவரொட்டி அடிக்கும். அலுவலகத்துக்கு அத்தனையும் வேண்டாம். பொதுவாகவும் புண்படுத்தாததாகவும் ஒரே சொல் போதும். 'இறப்பு' அந்த வேலையைச் சரியாகச் செய்கிறது.

சிக்கல் உடலைக் குறிக்கும்போது வருகிறது. காவல் நிலைய எழுத்தில் நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர் இன்று 'மேற்படி பிரேதம்' ஆகிறார். சந்தேகத்துக்குரிய இறப்பில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடந்தால், அறிக்கையில் மனைவியும் மகனும் கையெழுத்திடுவதும் அந்தச் சொல்லுக்குக் கீழேதான். 'பிரேதப் பரிசோதனை' மெல்ல 'உடற்கூறாய்வு' ஆகிவருகிறது. 'உடல்' என்ற எளிய சொல்லால் ஓர் அறிக்கையின் சட்ட வலிமை குறைவதில்லை.

தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர் வீட்டில் சொல் இன்னும் அறுக்கும். 'தற்கொலை'க்குள் ஒரு கொலை இருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாகவே வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பொதுப் பிரிவு இல்லை. இலங்கைத் தமிழில் 'உயிர்மாய்ப்பு' என்ற சொல் புழங்குகிறது. அதே நாட்டின் செய்திகளில் வரும் 'தவறான முடிவெடுத்து' என்ற தொடர், மென்மையாகச் சொல்லப்போய் இறந்தவர் மீதே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இந்தியாவின் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பு, குடும்பப் பிரச்சினை, நோய், காதல், தேர்வில் தோல்வி என்று தலைப்புகளுக்குள் இந்த இறப்புகளை அடுக்குகிறது. ஓர் உயிர் போனதற்கு ஒரே காரணத்தைக் காவலர் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது, கணக்குக்குச் செய்யும் சலுகை. அந்தத் தலைப்பு உண்மை முழுவதும் அல்ல என்பதை வீட்டார் அறிவார்கள்.

ஒரே முறை சொன்னால் போதும்

பரிவை நடைமுறையாக மாற்றிய ஏற்பாடுகளில் இரண்டு பிரிட்டனில் உள்ளன. முதலாவது, 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டப்படி நடப்புக்கு வந்த மருத்துவத் தணிக்கையாளர் முறை. சிகிச்சையில் பங்கேற்காத ஒரு மூத்த மருத்துவர், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வோர் இறப்பின் காரணத்தையும் சரிபார்ப்பார். அதில் ஒரு படி, குடும்பத்தாரிடம் பேசுவது. எழுதப்போகும் காரணத்தை அவர்களுக்குப் புரியும்படி விளக்கி, சிகிச்சையைப் பற்றி அவர்களுக்குக் கேள்வியோ குறையோ உண்டா என்று கேட்க வாய்ப்புத் தர வேண்டும். நோயாளிகள் பலரைக் கொன்று தானே சான்றும் எழுதிவந்த ஹெரால்ட் ஷிப்மன் என்ற மருத்துவரின் வழக்கே இதன் தொலைவான தொடக்கம். குடும்பத்தின் காதுக்கு எட்டாமல் எழுதப்படும் காரணம் ஆபத்தானது என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது. இரண்டாவது, 'ஒருமுறை சொல்லுங்கள்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட சேவை. இறப்பைப் பதியும்போது குடும்பம் ஒரே முறை தகவல் தந்தால், ஓய்வூதியம், வரி, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் உள்ளிட்ட பல துறைகளுக்கு அது தானே போய்விடும்.

இந்தியாவிலும் அந்தத் திசையில் அடிகள் விழுகின்றன. 2023 திருத்தம் பிறப்பு இறப்புக்கான தேசியத் தரவுத்தளத்துக்கு வழி செய்தது. 2025 மே மாதம், இறப்புத் தகவலைப் பதிவுத் துறையிடமிருந்தே மின்வழியாகப் பெற்று வாக்காளர் பட்டியலைச் சீர்செய்யப்போவதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. குடும்ப உறுப்பினரின் இறப்பை ஆதார் இணையதளத்தில் தெரிவிக்கும் வசதியும் அதே ஆண்டில் வந்தது. வட்டாட்சியர், கருவூலம், வழங்கல் அலுவலகம், வங்கி ஆகியவையும் பதிவாளரின் ஏட்டையே நேரே பார்க்கத் தொடங்கினால், சாவுச் செய்தியைச் சுமந்து குடும்பம் ஏறி இறங்கும் படிகளில் பெரும்பகுதி குறையும். அதுவரை ஒரு சாவை அந்த வீடு பத்து மேசைகளில் பத்து முறை சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகவே சொல்ல வேண்டியிருக்கும்.